எட்டு ராடும் ஒரு பிடி திருநீறும்

ஒரு கோணிச்சாக்கை விரித்து, அதன்மேல் எட்டு கனெக்டிங் ராடுகளை வரிசையாக வைத்திருந்தோம். இடப்பக்கம் நாலு, வலப்பக்கம் நாலு. வெளியே ஹட்டன் மழை. தகரக் கூரையில் அது கொட்டுகிற கொட்டில், பக்கத்தில் நிற்பவனிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

இடப்பக்கத்து நாலும் பழையவை. என்னுடையவை என்றே சொல்லுவேன். வலப்பக்கத்து நாலும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை. மெழுகுக் காகிதத்தைப் பிரித்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. கராஜில் வழக்கமாக அடிக்கிற மண்ணெண்ணெய் வாடையை அந்தக் காகித வாசனை அமுக்கிவிட்டிருந்தது.

நெட்டைத் துரை தொப்பியைக் கழற்றி உதறிவிட்டுக் குனிந்து பார்த்தார். "எது போடுறது?" என்று கேட்டார். தோட்டத்துத் தமிழ் அவருக்கு நன்றாகவே வரும். ஆனால் கேட்டது என்னை இல்லை. சவரிமுத்துவை.

வயிறு எரிந்தது என்று சும்மா பேச்சுக்குச் சொல்லுவார்கள். எனக்கு நிஜமாகவே நெஞ்சுக்குழிக்குக் கீழே சுட்டது. அந்தக் கராஜில் எட்டு வருஷமாக முதுகு ஒடியக் கிடக்கிறவன் நான். அவன் கொழும்பிலிருந்து வந்து எட்டு மாசம்தான் ஆகிறது.

"புதுசுதாங்க தொர," என்றான் சவரிமுத்து. ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"பழசுதாங்க தொர," என்றேன் நான், என்னை யாரும் கேட்காமலே.

மகளுக்குத் தெரிந்த கதை

போன வாரம் இந்தப் பத்திரிகையில், நாங்கள் இருந்த லயத்து வரிசை வீட்டின் கூரை ஒழுகிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு மூத்த மகள் கண்டியிலிருந்து கடிதம் போட்டிருக்கிறாள். "ஒழுகாத வீட்டுக்கு நாம எப்படிப் போனோம்னும் எழுதுங்கப்பா. தொரையோட ரேஸ் காரை நீங்க ஓட வச்ச கதை" என்று.

அவள் பிறந்தது அந்த ஒழுகாத வீட்டில்தான். அவளுக்குத் தெரிந்த கதையில் அவளுடைய அப்பா பெரிய கெட்டிக்காரன். அவள் அம்மா லெச்சுமி அப்படித்தான் சொல்லிச் சொல்லி வளர்த்தாள். லெச்சுமி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. இனி நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பத்திரிகை ஆசிரியர் வெட்டாமல் இருக்க வேண்டும்.

அதற்கு முன், ராடு என்றால் என்னவென்று தெரியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. தையல் மெஷினில் மிதிபலகையையும் சக்கரத்தையும் சேர்க்கிற கம்பி ஒன்று இருக்குமே, அதுதான். பலகை மேலும் கீழும் ஆடுகிறது, கம்பி அதைச் சக்கரத்தின் சுற்றாக மாற்றுகிறது. கார் எஞ்சினுக்குள்ளும் அதே வேலைதான்; அங்கே சுற்றுகிற தண்டுக்குக் கிராங்கு என்று பெயர். ஆனால் அங்கே நாலு கம்பி, ஒவ்வொன்றும் கண் இமைப்பதற்குள் எத்தனையோ தரம் இழுபடுகிறது, அமுங்குகிறது. வேகத்தில் ஒன்று முறிந்தால் எஞ்சினின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். மலை வளைவில் அப்படி நடந்தால், கீழே எந்தத் தோட்டத்தில் போய் விழுவோம் என்று சொல்ல முடியாது.

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் துரைமார் மலையேற்றக் கார் ஓட்டம் வைப்பார்கள். நெட்டைத் துரைக்குக் கொழும்புக்காரர் ஒருவரை எப்படியாவது ஜெயித்துவிட வேண்டும் என்று வெறி. தன்னுடைய சின்னப் பச்சைக் காரின் எஞ்சினைப் பிரித்து, வேகத்துக்கு ஏற்ற மாதிரி கட்டித் தரச் சொல்லி, எங்கள் காசிம் நானாவின் கராஜில் கொண்டுவந்து விட்டார்.

விட்டவர் சும்மா விடவில்லை. வட்டவளைப் பக்கம் அவருடைய தோட்டத்து ஸ்டோரில், அதுதான் தேயிலைத் தொழிற்சாலையில், எஞ்சின் டிரைவர் கிழவர் வேலையை விட்டுக் கப்பலேறி இந்தியாவுக்குப் போகிறார். "இந்தக் காரை எவன் ஒழுங்கா ஓட வைக்கிறானோ, அவனுக்கு அந்த வேலை, அந்த வீடு" என்று நானாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வீடு! இரண்டு அறை. சமைக்கத் தனிக் குசினி. வாசலிலேயே தண்ணீர்ப் பைப்பு. நாங்கள் இருந்ததோ ஒற்றை லயத்துக் காம்பிரா, ஒரே அறை. அதில் அப்பா, அம்மா, தம்பி, தங்கை, நான், ஐந்து மாசக் கர்ப்பிணி லெச்சுமி. நடுவில் ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டியிருந்தோம். மழை பெய்தால் எங்கள் பக்கம்தான் ஒழுகும். பிள்ளை பிறந்தால் எங்கே போடுவது என்று லெச்சுமி கேட்பாள். நான் ஒழுகுகிற இடத்துக்குச் சட்டியை நகர்த்தி வைப்பேன்.

சவரிமுத்துவுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. ஒற்றை ஆளுக்கு இரண்டு அறை வீடு எதுக்கு? ஓர் அறையில் அவன், இன்னோர் அறையில் அவன் தலை சீவுகிற கண்ணாடியா?

சோப்பு வாசனை

அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். என்னைவிட இரண்டு வயது இளையவன். கொழும்பில் ஒரு பெரிய கராஜில் மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று மலைக்குத் திரும்பியவன். இங்கிலீஷ் புத்தகத்தை விரித்துப் படம் பார்க்கிற மாதிரி இல்லாமல் நிஜமாகவே வாசிப்பான்.

நாங்கள் எல்லாரும் கைக்கறையை மண்ணெண்ணெயும் மரத்தூளும் போட்டுத் தேய்ப்போம். அவன் மட்டும் ஒரு சின்னத் தகர டப்பாவில் வாசனைச் சோப்பு வைத்திருந்தான். சாயந்திரம் அவன் கை கழுவினால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். மெக்கானிக்குக் கை மணக்க வேண்டுமா? எவளுக்காக?

முதல் எரிச்சல் பட்டிப்பொலவில் ஆரம்பித்தது. உருளைக்கிழங்கு லாரி ஒன்று அங்கே நின்றுபோய், நானும் அவனும் போனோம். பல் கிட்டுகிற குளிர். நான் கார்புரேட்டரைக் கழற்றி ஊதி மாட்டுகிறேன், கழற்றி ஊதி மாட்டுகிறேன், இரண்டு மணி நேரம். அவன் சும்மா லாரியைச் சுற்றி வந்தான். அப்புறம் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து, அதன் காற்றுத் துவாரத்தை ஒரு ஊசியால் குத்திவிட்டான். லாரி ஸ்டார்ட் ஆகிவிட்டது. "அண்ணே, இதுல மண்ணு அடைச்சிருந்துச்சு" என்றான் மெதுவாக, லாரிக்காரன் காதில் விழாமல். சத்தமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

இன்னொன்று. துரை வீட்டுக்குக் காரைப் பார்க்கப் போனபோது, பங்களாச் சமையல்கார அப்பு இரண்டு பேருக்கும் டீ கொடுத்தார். எனக்குத் தகரக் குவளை. அவனுக்குப் பீங்கான் கோப்பை. நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. அந்தக் கோப்பையில் நீலப்பூ போட்டிருந்தது என்பது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. எப்பேர்ப்பட்ட மனசு பாருங்கள் எனக்கு.

என் நாலு பிள்ளைகள்

அந்தப் பழைய ராடுகள் காரில் இருந்து கழற்றிய அதே நாலு இல்லை. அதே சாதிக் கார்கள் மூன்று எங்கள் கராஜுக்கு உடைத்துப் பிரிக்க வந்திருந்தன. அவற்றிலிருந்து மொத்தம் பன்னிரண்டு ராடு. கழித்துப் போட்டதையெல்லாம் நான் பொறுக்கி வைத்திருந்தேன். துரையின் கார் வருவதற்கு எத்தனையோ முன்பிருந்தே.

அவற்றில் நாலைத் தேர்ந்தேன். நானாவின் மச்சான் சரக்குக்கடைத் தராசில் ஒரு தட்டில் ஒன்று, மறு தட்டில் ஒன்று. முள் நடுவில் நிற்கிற வரைக்கும் மாற்றி மாற்றி வைத்தேன். அப்புறம் மேலே இருந்த முரட்டுத்தனத்தையெல்லாம் அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்கினேன். ராத்திரி லயத்து வாசலில் உட்கார்ந்து தேய்ப்பதை லெச்சுமி பார்த்துவிட்டு, "இதுல பாதி அக்கறையை எம்மேல காட்டுனா என்னவாம்?" என்பாள்.

ஆகையால் துரைக்கு முன்னால் நான் சொன்னது வெறும் வீம்பு இல்லை. "தொர, இந்த நாலும் பல வருஷம் ஓடி அடிபட்டது. நீளுறதா இருந்தா எப்பவோ நீண்டிருக்கும். போல்ட்டு மட்டும் புதுசு போட்டாப் போதும். புதுசோட எடை வேற. கிராங்கு பழைய எடைக்குப் பழகினது. அதைச் சரி பண்ற மெஷின் ஹட்டன்ல கெடையாது."

சவரிமுத்து அமைதியாகப் பதில் சொன்னான். "மாணிக்கம் அண்ணே சொல்றது நெசந்தாங்க தொர. ஆனா அந்த நாலும் கிளப்புக்குப் போய் வர்ற காருக்குச் செஞ்சது. நாம எஞ்சின் ஹெட்டைச் சீவி உள்ள அமுக்கத்தைக் கூட்டியிருக்கோம். நீங்க மிதிக்கிற மிதிக்கு அது தாங்கினாலும் தாங்கும், தாங்காமலும் போகும். கிராங்கை நான் ரயில்ல கொழும்புக்குக் கொண்டு போய்ச் சரி பண்ணிட்டு வர்றேன்."

பாருங்கள், 'அண்ணே சொல்றது நெசந்தான்' என்று வேறு சொல்லுகிறான். அடித்திருந்தால்கூடத் திருப்பி அடித்திருக்கலாம்.

துரை புதியதை எடுத்துக் கையில் புரட்டினார். கீழே வைத்தார். என்னுடையதைத் தொடவே இல்லை. "புதுசு" என்றார்.

திருநீறு

சவரிமுத்து கிராங்கைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனான். புதிய ராடுகளில் இருந்த மெழுகைக் கழுவி வைக்கும் வேலை எனக்கு. அவன் போட வேண்டியதை நான் கழுவ வேண்டும்!

கழுவினேன். கழுவியவன் சும்மா இருக்காமல் வெடிப்புப் பார்க்கிற வேலையும் செய்தேன். அது இப்படி. இரும்பை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, எடுத்துச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, மேலே சுண்ணாம்புத் தூளைத் தூவ வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால், அதற்குள் போன எண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளையில் ஒரு கோடு போடும். எங்கள் ஊர் ஈரத்தில் சுண்ணாம்புத் தூள் கட்டிபிடித்துப் போகும். ஆகவே நான் எப்போதும் என் மடியில் வைத்திருக்கிற திருநீற்றைத்தான் பூசுவேன். அதைவிட நைசான தூள் எங்கே கிடைக்கும்?

நாலிலும் பூசிச் சாக்கில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அப்போது பார்த்து நானாவும் துரையும் உள்ளே வந்தார்கள். திருநீறு பூசின இரும்புகளுக்கு முன்னால் நான் குத்த வைத்து உட்கார்ந்திருக்கிறேன். நானா மரியாதையாக இரண்டடி பின்னால் போய்ச் செருப்பை விட்டார். துரை தொப்பியைக் கழற்றினார். "பூஜையா? நல்லது, நல்லது" என்றார். இரண்டு பேரும் சத்தம் போடாமல் வெளியே போய்விட்டார்கள்.

அவர்கள் போன பிறகு நான் குனிந்தேன். மூன்றாவது ராடில், பெரிய வளையத்துக்குச் சற்றுக் கீழே, தலைமயிர் கனத்தில் ஒரு கோடு. வெள்ளையில் கறுப்பாக, விரலளவு நீளத்துக்கு.

எனக்கு என்ன தோன்றியது என்று ஒளிக்காமல் சொல்லுகிறேன். சந்தோஷம். அப்படி ஒரு சந்தோஷம். 'புதுசுதாங்க தொர' என்றானே, வா மகனே வா.

உடனே எழுந்து ஓடிச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். தந்தி அடித்து இன்னொன்று வரவழைப்பார்கள். சவரிமுத்து அதையும் போட்டு ஜெயித்துவிடுவான். எனக்கு அது வேண்டாம். அவன் கட்டின எஞ்சின் அவன் பெயரிலேயே கெட்டுப்போக வேண்டும். திருநீற்றைத் துணியால் துடைத்தேன். எல்லாருக்கும் அது பூஜை. பூஜையில் என்ன தெரிந்தது என்று யார் கேட்கப் போகிறார்கள்? ஒருவரும் கேட்கவில்லை.

ஒன்பது நாள்

அவன் திரும்பி வந்து ஒரு வாரத்தில் எஞ்சினைக் கட்டி முடித்தான். புது எஞ்சினைப் பழக்க வேண்டும். தினமும் மெதுவாக, பிறகு கொஞ்சம் வேகமாக, ஓட்டிப் பார்க்க வேண்டும். துரைக்கு நேரமில்லை. சவரிமுத்துதான் ஓட்டினான்.

காலையில் பச்சைக் கார் கராஜை விட்டுக் கிளம்பும். மத்தியானம் திரும்பும். கடைத்தெருவில் எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள். முடிவெட்டுகிறவர்கூடக் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். அவன் ஒரு கையை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு போவான்.

எனக்கு அந்த வெடிப்பு நினைவில்லையா? இருந்தது. ஒவ்வொரு காலையும் 'இன்றைக்குச் சொல்லிவிடுவோம்' என்று வருவேன். அந்தக் கை தொங்குவதைப் பார்த்ததும் வாய் மூடிக்கொள்ளும். மெதுவாகத்தானே ஓட்டுகிறான், ஒன்றும் ஆகாது, துரை மிதிக்கிறபோதுதான் ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துரைக்கு ஆனால் பரவாயில்லையா என்று என்னை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒன்பதாம் நாள் நான் ஒரு லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். அன்று டிக்கோயா ஆஸ்பத்திரியில் லெச்சுமிக்குக் கிளினிக். லயத்திலிருந்து இறங்கி வந்தவள், பஸ் போய்விட்டது என்று நானாவிடம் சொல்லுகிற குரல் கேட்டது. நான் வெளியே வருவதற்குள் இன்னொரு குரல்.

"டிக்கோயா வழியாத்தான் போறேன். ஏறு தங்கச்சி."

லாரிக்கு அடியிலிருந்து எனக்குக் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. வெடிப்பு விழுந்த குதிகால், மெட்டி, சேலைக் கரையில் செம்மண். அந்தக் கால் ஒன்று கார்ப் படியில் ஏறியது. பிறகு மற்றது. உள்ளே உட்கார்ந்து அவள் சிரித்தாள். "ஆத்தாடி, மெத்தை!" என்றாள்.

முதலில் வந்தது பயம் இல்லை. என் பெண்டாட்டி அவன் காரில் உட்கார்ந்து சிரிக்கிறாள், என்னால் அவளை ஒரு நாளும் இப்படிச் சிரிக்க வைக்க முடியவில்லை என்கிற எரிச்சல்தான் முதலில் வந்தது. கார் நகர்ந்து, கியர் மாறுகிற சத்தம் கேட்ட பிறகுதான் அந்தக் கறுப்புக் கோடு கண்முன் வந்தது. இந்த வரிசையை என்னால் இன்றுவரை மாற்ற முடியவில்லை.

எழுந்த வேகத்தில் தலையை லாரி அச்சில் இடித்துக்கொண்டேன். ஓடினேன். ஹட்டனிலிருந்து டிக்கோயா வரைக்கும் ஓடினேன். நெற்றியிலிருந்து ரத்தம் வழிய ஒருவன் ஓடுவதைப் பார்த்து, கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நிமிர்ந்து நின்றார்கள். "யாருக்கு என்னாச்சுண்ணே?" என்று ஒருத்தி கத்தினாள். ஒவ்வொரு வளைவிலும் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டே ஓடினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றது. சவரிமுத்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். லெச்சுமி உள்ளே வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"அவளை இதுல ஏத்தாதே," என்றேன். மூச்சு வாங்கியது. "மூணாவது ராடுல வெடிப்பு இருக்கு."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"எப்பப் பாத்தீங்க?"

பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "நீ கொழும்புக்குப் போன அன்னிக்கு. திருநீறு போட்டுப் பாத்தேன்."

அவன் என்னைப் பார்த்தான். என் நெற்றியைப் பார்த்தான். விரலை மடக்கி எதையோ எண்ணுகிற மாதிரி இருந்தது. தன் கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டினான். அதிலும் அந்தச் சோப்பு வாசனை.

"தங்கச்சியை பஸ்ல கூட்டிக்கிட்டு வாங்க," என்றான். பிறகு காரில் ஏறி, அவனே ஓட்டிக்கொண்டு ஹட்டனுக்குப் போய்விட்டான். வெடித்த ராடு என்று தெரிந்தும் ஓட்டுகிறானே என்று வாயைப் பிளந்து நின்றேன். அந்தத் தைரியத்தின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. அந்த நிலைமையிலும்!

துரை கை கொடுத்தது

நாங்கள் வந்து சேர்வதற்குள் எஞ்சினைப் பாதி பிரித்திருந்தான். மூன்றாவது ராடை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வெகு நேரம் வைத்துப் பார்த்தான். நானா பதறிப்போய் நின்றார். துரைக்கு ஆள் போயிருந்தது. ஓட்டத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை.

"இங்கிலாந்துல இருந்து இன்னொன்னு வர நேரமில்ல," என்றான். "அண்ணனோட நாலையும் போடுவோம். பழைய எடைக்கு எடை சேர்த்தாப் போதும்ல? சொல்லுங்கண்ணே."

கிராங்கைப் பழைய எடைக்குத் திரும்பக் கொண்டுவர அவன் மறுபடி ரயிலேறினான். திரும்பியதும் இரண்டு பேருமாகக் கட்டினோம். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை அவன் என்னோடு பேசவில்லை. "அரை இஞ்ச் ஸ்பானர்." "எண்ணெய்." அவ்வளவுதான்.

துரை வந்தபோது அவன் சொன்னான்: "புது ராடுல வெடிப்புன்னு மாணிக்கம் அண்ணந்தான் பாத்துச் சொன்னாருங்க." எப்போது பார்த்தேன் என்று அவன் சொல்லவில்லை. துரையும் கேட்கவில்லை.

நுவரெலியாவில் அன்று பனி விலகி வெயில் அடித்தது. பச்சைக் கார் மலையேறிய சத்தம், என் நாலு பிள்ளைகளும் ஒரே குரலில் கத்துகிற மாதிரி இருந்தது. மூன்றாவதாக வந்தது. கொழும்புக்காரர் நாலாவது. துரைக்கு அது போதும். ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீ சொன்னது சரி, மாணிக்கம். பழசுதான் சரி!" கூட்டத்தில் எத்தனையோ துரைமார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சவரிமுத்து தள்ளி நின்று கடலை தின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தில் எரிச்சல் ஒரு துளியாவது தெரியாதா என்று பார்த்தேன். தெரியவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

கதவுக்கு முட்டு

அடுத்த மாசம் அந்த வீட்டுக்குப் போனோம். மகள் அங்கே பிறந்தாள். லெச்சுமி பார்க்கிறவர்களிடமெல்லாம் என் கெட்டிக்காரத்தனத்தைச் சொன்னாள். வெடித்த ராடை நானா எனக்கே கொடுத்துவிட்டார். காற்றுக்கு அடித்துக்கொள்ளாமல் இருக்க அதை வாசல் கதவுக்கு முட்டு வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் நைஸ் அரம் இருந்தது. வெடிப்பு எவ்வளவு ஆழம் என்று பார்க்கலாமே என்று அந்த இடத்தில் இழுத்தேன். இரண்டே இழுப்பு. எண்ணெயில் போட்டுத் துடைத்துத் திருநீறு பூசினேன். கோடு இல்லை. மறுபடி பூசினேன். இல்லவே இல்லை.

வெடிப்பாக இருந்தால் அரத்துக்குப் போகாது, உள்ளே இறங்கும். இது வெறும் மேல்தோல். அச்சில் அடித்துச் செய்யும்போது இரும்பின் ஓரம் மடிந்து படிகிற மடிப்பு. அப்படி அடித்த ராடை அதுவரைக்கும் நான் கையால் தொட்டதில்லை. எனக்கு எப்படித் தெரியும்?

ஆனால் கொழும்பில் மூன்று வருஷம் இருந்தவனுக்கு?

ஹட்டன் ஸ்டேஷனில்

அம்மாவுக்கு உடம்பு தேறிவிட்டது, சவரிமுத்து மறுபடி கொழும்புக்கே போகிறான் என்று நானா சொல்லி அனுப்பினார். ராடை மெழுகுக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். மேடையில் தகரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். ரயில் வர நேரம் இருந்தது.

காகிதத்தைப் பிரித்துக் காட்டினேன். அரம் பட்ட இடம் பளபளத்தது.

"தோல்தான்," என்றேன்.

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"போடுறதுக்கு முன்னாடியே. நானும் சுண்ணாம்பு தூவிப் பாத்தேன். கொழும்புல இந்த மாதிரி எத்தனையோ பாத்தாச்சு. தேச்சிருக்கணும், சோம்பேறித்தனமா விட்டுட்டேன்."

"அப்ப ஏன் அன்னிக்குப் பிரிச்சே? ஏன் சொல்லல? உனக்குத்தானே அந்த வேலை கெடைச்சிருக்கும்?"

எதிரே சரக்கு வண்டியில் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்கு அது வெடிப்புதானே அண்ணே?"

"ஆமா."

"வெடிப்புன்னு நெனச்சுக்கிட்டே ஒம்பது நாள் என்னை அதுல அனுப்புனீங்க."

நான் ராடைத் திருப்பிச் சுற்றினேன்.

"ஸ்டோர் எஞ்சினுக்கு என்ன சாமான் வேணும்னாலும் நானா கராஜ்லதான் செஞ்சு அனுப்புவாங்க," என்றான். குரலில் கோபமே இல்லை. "நான் அந்த வேலைக்குப் போயிருந்தா, எனக்கு வர்ற ஒவ்வொரு சாமானும் உங்க கையால வரும். அதை நான் எப்படிண்ணே நம்பி மாட்டுறது? இப்பக் கராஜ்லயே இருந்தாலும், சாமான் வாங்க வர்ற உங்க முன்னாடி நிக்கணும். ரெண்டும் முடியாது. தங்கச்சிக்காவது வீடு கெடைக்கட்டும்னு விட்டுட்டேன்."

ரயில் வந்தது. பெட்டியைத் தூக்கிவிடக் கை நீட்டினேன். "இருக்கட்டும்" என்று அவனே தூக்கிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தேன். லெச்சுமி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் இருந்தாள். "அண்ணன் என்ன சொல்லிட்டுப் போனாரு?" என்று கேட்டாள்.

"உன்னைக் கேட்டதாச் சொல்லச் சொன்னான்," என்றேன். ராடைப் பழையபடி கதவுக்கு முட்டுக் கொடுத்தேன்.

மகளே, நீ கேட்டாய், எழுதிவிட்டேன். அந்த வீட்டில் பதினாறு வருஷம் இருந்தோம். எத்தனையோ மழை பார்த்தோம். ஒரு நாளும் ஒழுகியதில்லை.